கலமும் கோசும்: முத்துக்குளித்துறையில் கோசு இனப் பயிர்களின் வருகையும் தொட்டிச் சாகுபடியும்

ஆய்வுச்சுருக்கம்

முட்டைக்கோசு, பூக்கோசு, நூக்கோல் ஆகிய காய்கறிகள் ஐரோப்பியரால் தமிழகத்திற்கு வந்தவை என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. வந்த காலம், வந்த வழி, வந்தபின் நிலைபெற்ற இடம் ஆகியவை இக்கருத்திற்குள் பிரித்து நோக்கப்படுவதில்லை. கொற்கை முதல் தூத்துக்குடி வரையிலான முத்துக்குளித்துறையைக் களமாகக் கொண்டு, சொல் வரலாறு, கடல் வணிக வரலாறு, பயிரியல் ஆகிய மூவகைச் சான்றுகளால் இக்கட்டுரை அதனை ஆராய்கிறது. கோசு இக்கடற்கரையில் வயற்பயிராகாமல் தொட்டிப்பயிராகவே நின்றமைக்கு உவர்மண்ணைவிட வெப்பமும் விதைச்சார்பும் முதன்மைக் காரணங்கள் என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: கொற்கை, தூத்துக்குடி, முட்டைக்கோசு, நூக்கோல், கடுகு, ஐயவி, தொட்டிச் சாகுபடி, விதை, டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினி

முன்னுரை

பயிர்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வருகையின் வரலாற்றையே எழுதுகின்றனர். மிளகாய் போர்த்துகீசியரால் வந்தது, உருளைக்கிழங்கு ஆங்கிலேயரால் பரவியது என்பன போன்ற கூற்றுகள் ஒரு நாளையும் ஒரு கொணர்ந்தோரையும் குறிப்பதோடு அமைதி அடைகின்றன. ஒரு பயிர் துறைமுகத்தில் இறங்குவது வேறு; அதன் பெயர் மக்கள் வழக்கில் ஏறுவது வேறு; அது அம்மண்ணிலேயே விதை தந்து தலைமுறை தொடர்வது வேறு. இம்மூன்றும் ஒரே காலத்தில், ஒரே இடத்தில் நிகழவேண்டும் என்பதில்லை. மிளகாயில் இவை விரைவாக ஒன்றின்பின் ஒன்றாக நிகழ்ந்தன. கோசு இனப் பயிர்களில் முதலிரண்டும் நிகழ்ந்து, மூன்றாவது இக்கடற்கரையில் இன்றளவும் நிகழவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியவை மண்கலங்களும் மரப்பெட்டிகளும் இன்றைய நெகிழிப் பைகளுமே ஆகும். எனவே கோசின் வரலாற்றை அது வளர்ந்த கலத்தின் வரலாற்றோடு இணைத்துப் படிக்க வேண்டியுள்ளது.

1. கொற்கையும் கலம் என்னும் சொல்லும்

தமிழில் கலம் என்னும் சொல் மட்பாண்டத்தையும் மரக்கலத்தையும் முகத்தலளவை ஒன்றையும் ஒருங்கே குறிப்பது. கொற்கையின் வரலாற்றில் இப்பொருள்கள் ஒன்றையொன்று தொட்டே நிற்கின்றன. தாமிரபரணியின் முகத்துவாரத்தில் அமைந்த பாண்டியர் துறைமுகமாகிய கொற்கை, எரித்திரையக் கடற்பயண நூலிலும் தாலமியின் நிலவியலிலும் முத்துக்குளிப்பு நடந்த இடமாகக் குறிக்கப்பெறுகிறது. 19ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் இவ்விடத்தை ஆராய்ந்து அதன் பழமையை வலியுறுத்தினார். தமிழ்நாடு தொல்லியல் துறை 1968-69இல் நிகழ்த்திய அகழாய்வில் கிடைத்த கரிமச் சான்று கி.மு. 8ஆம் நூற்றாண்டு வரை பின்னோக்கிச் செல்கிறது. அண்மையிலுள்ள ஆதிச்சநல்லூரின் தாழிகளும், நெல்லுமி தங்கிய சிவகளைத் தாழியும் இவ்வாற்றங்கரையில் குயவர் தொழில் எவ்வளவு தொன்மையானது என்பதைக் காட்டுகின்றன. சிவகளை நெல்லுமியின் காலம் கி.மு. 1155 என 2021இல் அறிவிக்கப்பட்டது.

ஆற்றின் வண்டல் கொற்கையைக் கடலிலிருந்து பிரித்தது. துறைமுகம் பழையகாயலுக்கும், பின்னர்ப் புன்னைக்காயலுக்கும், இறுதியில் தூத்துக்குடிக்கும் இடம்பெயர்ந்தது. இப்பெயர்ச்சி வேளாண்மை நோக்கிலும் பொருளுடையது. கொற்கை வண்டல் நிலத்தின் விளிம்பில் இருந்த துறை. தூத்துக்குடியோ ஆற்றிலிருந்து விலகி, மணலும் உப்பளமும் சூழ்ந்த நெய்தல் நிலத்தில் எழுந்த துறை. ஐரோப்பியர் வந்து தங்கியது இந்த இரண்டாவது நிலத்தில். அவர்களின் காய்கறிகளை எதிர்கொண்டது தாமிரபரணியின் வண்டலன்று. கிணறு தோண்டினால் உவர்நீர் சுரக்கும் கடற்கரை மணலே.

2. கடுகும் கோசும்: ஒரு குடும்பத்தின் இரு வரலாறுகள்

கோசு தமிழகத்திற்கு அயலானது எனினும் அதன் குடும்பம் அயலானதன்று. கடுகும் கோசும் பிராசிகா என்னும் ஒரே பேரினத்தைச் சார்ந்தவை. 1935இல் கொரிய மரபினரான பயிரியலார் நாகஹாரு யூ இப்பேரினத்தின் உறவுமுறையை ஒரு முக்கோணமாக வரைந்து காட்டினார். டர்னிப் முதலியவற்றை உள்ளடக்கிய ராபா, கருங்கடுகாகிய நைக்ரா, கோசாகிய ஒலரேசியா ஆகிய மூன்றும் முக்கோணத்தின் மூன்று முனைகள். ராபாவும் நைக்ராவும் கலந்து பிறந்ததே நம் சமையலறைக் கடுகாகிய ஜுன்சியா. எனவே கடுகின் மரபணுவில் கோசுக்குப் பங்கில்லை. இரண்டும் ஒரு குடும்பத்தின் வெவ்வேறு கிளைகள்.

இந்தியத் துணைக்கண்டத்தில் கடுகு இன விதைகள் சிந்துவெளிக் காலத்திலேயே அறியப்பட்டவை. தமிழில் வெண்சிறுகடுகு ஐயவி என வழங்கியது. போரில் புண்பட்ட வீரனைக் காக்கும் மனையில் ஐயவி சிதறுவதும் புகைப்பதும் புறநானூற்றின் 281, 296ஆம் பாடல்களில் காட்சியாகின்றன. நெடுநல்வாடையில் அது அரண்மனை வாயிலின் காப்புப் பொருளாக வருகிறது. ஐயவி இங்குக் காய்கறியாக அன்றிக் காப்புப் பொருளாக, மருந்தாக, மணமாக இடம்பெறுவது கருதத்தக்கது. தமிழர் இக்குடும்பத்தின் விதையை அறிந்திருந்தனர். விதையின் காரத்தைப் பயன்கொண்டனர். பின்னாளில் வந்த கோசு அதே குடும்பத்தின் இலையை உணவாக்கிய மரபு. விதைக்காக வளர்க்கும் பயிர் விதை தந்தே தீரவேண்டும். இலைக்காக வளர்க்கும் பயிரோ விதை தராமலே உணவாகிவிடும். கடுகு நிலைபெற்றதற்கும் கோசு நிலைபெறாததற்கும் உள்ள வேறுபாடு இங்கேயே தொடங்குகிறது.

3. சொற்கள் காட்டும் வழி

இலங்கைத் தமிழில் முட்டைக்கோசு கோவா எனப்படுகிறது. சிங்களத்திலும் அச்சொல் கோவாவே. இது கோசைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லாகிய கோவ் என்பதன் திரிபு. மராத்தியின் கோபி, வங்காளத்தின் கோபி ஆகியவற்றையும் மொழியியலார் இதனோடு இணைப்பர். தமிழ்நாட்டின் கோசு, கன்னடத்தின் எலெகோசு, ஹூகோசு ஆகியவற்றில் காணப்படும் சகர ஈறு அப்போர்த்துகீசியச் சொல்லின் பன்மை வடிவத்திலிருந்து வந்தது எனக் கொள்வது பொருந்தும். தமிழும் கன்னடமும் கடன்சொல்லைத் தலைச்சொல்லாக வைத்து முட்டை, பூ, இலை எனத் தம் சொற்களை அடையாக்கிக்கொண்டன. ஒரு பெயரின் கீழ்ப் பல வகைகளையும் அடக்கிய இவ்வமைப்பு, இவை யாவும் ஓரினமே என்பதை மக்கள் கண்டறிந்திருந்ததைக் காட்டும். பயிரியலும் முட்டைக்கோசு, பூக்கோசு, நூக்கோல் மூன்றையும் ஒரே சிற்றினத்தின் வகைகளாகவே கொள்கிறது.

நூக்கோல் மட்டும் இவ்வமைப்பிற்குள் அடங்கவில்லை. இது டச்சு மொழியின் க்னோல்கூல் என்னும் சொல்லின் வழிவந்தது. க்னோல் என்பது கிழங்கு; கூல் என்பது கோசு. 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியும் இந்திய ஆங்கில வழக்கிலிருந்த இப்பெயருக்கு டச்சு மூலத்தையே சுட்டுகிறது. நூல்கோல் என எழுதி, நூல் போன்ற நாருடைய காய் என விளக்கம் கூறுவது பிற்கால மக்கட்சொல்லாக்கமே.

இச்சொற்களைக் கொண்டு காலத்தை உடனே வரையறுப்பது பிழையாகும். போர்த்துகீசியர் முத்துக்குளித்துறையில் 1530களில் காலூன்றினர். டச்சுக்காரர் 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். கோசு என்னும் சொல் போர்த்துகீசியச் சொல் என்பதால் அக்காய் 1658க்கு முன்பே வந்தது என்று துணிவதற்கில்லை. டச்சு ஆட்சிக் காலத்திலும் இக்கடற்கரையிலும் இலங்கையிலும் வணிகர்க்கும் தரகர்க்கும் பணியாளர்க்கும் பொதுமொழியாக நின்றது போர்த்துகீசியமே. டச்சுக்காரரின் சமையற்கட்டுக்குச் சென்ற காயும் போர்த்துகீசியப் பெயரால் அழைக்கப்பட்டிருக்கலாம். மாறாக, நூக்கோல் என்னும் சொல்லுக்கு இத்தகைய ஐயமில்லை. டச்சு மொழி இங்குப் பொதுமொழியாக என்றும் இருந்ததில்லை. ஆகவே அம்மொழிச் சொல் ஒன்று தெருவழக்கில் ஏறியது, அப்பொருள் அவர்கள் கைவழியே வந்ததற்கு வலுவான அடையாளம். கோசு ஒரு பொதுமொழியின் சுவடு. நூக்கோல் ஒரு குறிப்பிட்ட வணிகரின் சுவடு.

4. கப்பல் தளத்துப் பெட்டிகள்

டச்சுக்காரர்க்குக் கோசு சுவைப்பொருள் மட்டுமன்று. நீண்ட கடற்பயணத்தில் மாலுமிகளின் ஈறுகளைச் சிதைத்து உயிரைக் குடித்த ஸ்கர்வி நோய்க்கு மாற்றாகப் பசுங்கீரையை அவர்கள் நாடினர். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் டச்சுக் கும்பினிக் கப்பல்களின் மேல்தளத்தில் சிறு தோட்டங்கள் அமைத்து, காரமுள்ளங்கி, ஆளிவிதை இனக் கீரை, ஸ்கர்விப் புல் ஆகியவற்றை வளர்க்கும் முயற்சி நடந்தது. இம்மூன்றுமே கடுகுக் குடும்பத்தைச் சார்ந்தவை. உப்பு நீர்த்திவலையும் அலையும் அதனை நீடிக்கவிடவில்லை. ஆயினும் மரக்கலத்திற்குள் மண்கலம் வைத்துக் கடுகுக் குடும்பப் பயிர் வளர்க்க முனைந்த அம்முயற்சி, உவர்நிலத்தில் தொட்டி வைக்கும் இன்றைய முயற்சியின் முன்னோடி எனலாம். இரண்டிலும் எதிரி ஒன்றே: வேரைச் சென்றடையும் உப்பு.

கப்பலில் தோற்றதைக் கும்பினி கரையில் செய்தது. 1652இல் யான் வான் ரீபெக் தலைமையில் நன்னம்பிக்கை முனையில் அமைந்த தோட்டம், ஆசியாவை நோக்கிச் செல்லும் கப்பல்களுக்குக் கோசு முதலிய காய்கறிகளை வழங்குவதற்கே உருவானது. ஆறே ஆண்டுகளில் தூத்துக்குடி அதே கும்பினியின் கைக்கு வந்தது. மதுரைக் கடற்கரை கொழும்பிலிருந்த இலங்கை ஆளுநரின் ஆட்சிக்குள் வைக்கப்பட்டது. இதனால் ஆம்ஸ்டர்டாம், நன்னம்பிக்கை முனை, கொழும்பு, தூத்துக்குடி ஆகிய இடங்கள் ஒரே நிருவாகச் சங்கிலியின் கண்ணிகளாயின. துணியும் முத்தும் சங்கும் மேற்கே சென்ற அவ்வழியில் விதைப்பொதிகள் கிழக்கே வருவதற்குத் தடையிருக்கவில்லை. தமிழிலும் இலங்கை வழக்கிலும் க்னோல்கூல் என்னும் டச்சுச் சொல் ஒருங்கே வேரூன்றியது இச்சங்கிலியின் விளைவேயாம்.

பின்னர் 1753இல் ஜேம்ஸ் லிண்ட் ஸ்கர்வி பற்றிய தம் நூலை வெளியிட்டார். 1768இல் புறப்பட்ட குக்கின் கப்பல் புளிக்கவைத்த கோசைப் பெருமளவில் ஏற்றிச் சென்றது. கோசு கடலோடிகளின் உணவு என்னும் தகுதி உறுதிப்பட்டது. ஆனால் தூத்துக்குடியில் கரையேறிய மாலுமிக்கு எலுமிச்சையும் நெல்லியும் முருங்கைக்கீரையும் எளிதில் கிட்டின. நன்னம்பிக்கை முனையில் கோசுக்கு இருந்த தேவை இங்கு இல்லை. இங்கு அது மருந்தாக வரவில்லை. தாயகச் சுவையின் நினைவாகவே வந்தது. தேவையின்றி வந்த பயிரை வளர்ப்பதற்குச் சில தொட்டிகளே போதுமானவை.

5. உவர்மண்ணா, வெப்பமா?

கோசு கடற்கரையில் வயற்பயிராகாமைக்கு உவர்மண்ணைக் காரணம் காட்டுவது வழக்கம். இவ்விளக்கம் மீளாய்வுக்குரியது. காட்டுக்கோசின் இயல்பான வாழிடமே கடற்கரைப் பாறைகள். மேற்கு ஐரோப்பாவின் சுண்ணாம்புக் கடற்பாறைகளில் அது இன்றும் தானாக வளர்கிறது. கிழக்கு மத்தியத்தரைக் கடற்பகுதியே கோசு வளர்ப்பின் தோற்றுவாய் என 2021இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று கருதுகிறது. இலையின் மேலுள்ள மெழுகுப் பூச்சும் தடித்த இலையும் உப்புக்காற்றைத் தாங்கிய வாழ்வின் எச்சங்கள்.

பயிர்களின் உப்புத்தாங்கு திறனை அளவிட்ட மாஸ், ஹாஃப்மன் ஆகியோரின் 1977ஆம் ஆண்டுப் பட்டியலும் இதனை உறுதிசெய்கிறது. மண் கரைசலின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 1.8 டெசிசீமன்ஸ் வரையில் கோசின் விளைச்சல் குறைவதில்லை. அதற்குமேல் ஒவ்வோர் அலகுக்கும் 9.7 விழுக்காடு குறைகிறது. அதே பட்டியலில் வெங்காயத்தின் எல்லை 1.2, அதன்பின் வீழ்ச்சி 16 விழுக்காடு. கேரட்டின் எல்லை 1.0, வீழ்ச்சி 14 விழுக்காடு. அதாவது, மாவட்டத்தின் உட்பகுதிகளில் பெருமளவில் விளையும் வெங்காயத்தைவிடக் கோசு உப்பைச் சற்றுக் கூடுதலாகவே தாங்கும். கடலோர உவர்நிலத்தின் உப்பு அவ்வெல்லைகளையெல்லாம் கடந்தது என்பது உண்மையே. எனினும், உப்பு குறைந்த உள்நாட்டு நிலங்களிலும் கோசு பரவாமைக்கு உப்பு விளக்கமாகாது.

விளக்கம் வெப்பத்தில் உள்ளது. கோசு தலைகூடுவதற்கு 15 முதல் 20 பாகை செல்சியசு வெப்பம் உகந்தது. தூத்துக்குடியில் சனவரி மாத இரவிலும் வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. பழைய ஐரோப்பிய வகைகள் இவ்வெப்பத்தில் இலைகளை விரித்து நிற்குமேயன்றி உருண்டு திரள்வதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் தை முடிய உள்ள குறுகிய பருவமே ஓரளவு ஒத்துவருவது. வெப்பந்தாங்கும் வீரிய ஒட்டு வகைகள் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர், குறிப்பாக ஜப்பானிய விதை நிறுவனங்களின் முயற்சியால் உருவாகும்வரை சமவெளியில் கோசு ஒரு சூதாட்டமாகவே இருந்தது.

6. விதை என்னும் தடை

தலைகூடுதலைவிடப் பெரிய தடை விதையாகும். கோசு ஈராண்டுப் பயிர். முதலாண்டில் இலை, குளிர்காலம் கடந்தபின் இரண்டாமாண்டில் பூவும் விதையும். ஏறத்தாழ 10 பாகைக்குக் குறைந்த குளிரில் பல வாரங்கள் இருந்தால்தான் அதன் உள்ளியல்பு பூப்பை நோக்கித் திரும்பும். இக்கடற்கரையில் அக்குளிர் எந்நாளும் வருவதில்லை. எனவே இங்கு வளர்க்கப்பட்ட ஒவ்வொரு கோசும் தன் மரபின் இறுதிச் செடி. அடுத்த பருவத்திற்கான விதை மீண்டும் மரக்கலத்திலேயே வரவேண்டும்.

பூக்கோசோடு ஒப்பிட்டால் இது மேலும் தெளிவாகும். பூக்கோசு 1822இல் சகாரன்பூர்க் கும்பினித் தோட்டத்திற்கு வந்தது என்பதைச் சுவரூப், சட்டர்ஜி ஆகியோரின் 1972ஆம் ஆண்டுக் கட்டுரை எடுத்துரைக்கிறது. வடஇந்திய உழவர்கள் தலைமுறை தலைமுறையாக விதை தெரிந்தெடுத்து, வெப்பத்தில் பூத்து அச்சமவெளியிலேயே விதை தரும் இந்தியப் பூக்கோசு வகைகளை உருவாக்கினர். முட்டைக்கோசில் அது நிகழவில்லை. விடுதலைக்குப் பின்னரும் அதன் விதை உற்பத்திக்கு இமயமலைச் சாரலையே நாட வேண்டியிருந்தது. குலுப் பள்ளத்தாக்கின் காத்ரெய்னில் இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் இயங்குவதன் காரணம் இதுவே.

விதை வந்தாலும் அதன் உயிர்ப்பு நிலைப்பதில்லை. வறண்டு குளிர்ந்த இடத்தில் நான்கைந்து ஆண்டு முளைப்புத்திறன் காக்கும் கோசு விதை, ஈரமும் வெப்பமும் மிக்க கப்பலறையில் விரைவில் செயலிழக்கும். விதைகளைக் கிழக்கிலிருந்து மேற்கே கொண்டுசெல்லும் வழிகளை விளக்கி 1770இல் ஜான் எல்லிஸ் நூல் எழுதியமை இச்சிக்கலின் அளவைக் காட்டும். மேற்கிலிருந்து கிழக்கே வருவதற்கும் அதே சிக்கல். 1820இல் கல்கத்தாவில் வில்லியம் கேரி தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கமும், 1835இல் சென்னையில் உருவான அதன் இணைச் சங்கமும் அயல்நாட்டு விதைகளைத் தருவித்து வழங்குவதை முதன்மைப் பணியாகக் கொண்டதில் வியப்பில்லை.

அரிதாக வந்த விதையை எவரும் வயலில் தூவமாட்டார். துளையிட்ட அகன்ற மண்சட்டியில், சலித்த மண்ணில் விதைத்து, மழையில் அழுகாமல் கூரையின்கீழும் வெயிலில் வாடாமல் நிழலிலும் மாற்றி மாற்றி வைத்து நாற்றாக்குவதே முறை. இந்தியத் தோட்டக்கலைக்கு நெடுங்காலம் கையேடாக விளங்கிய ஃபர்மிங்கரின் 1860கள் கால நூலும் இத்தகைய காப்புமுறைகளையே பேசுகிறது. சட்டியை வெயிலுக்கும் நிழலுக்கும் சுமந்தவர் நூல் எழுதிய துரை அல்லர்; ஊர்த் தோட்டக்காரர். நாற்றைக் காக்கும் அறிவு அவரிடம் இருந்தது. அவர் பெயர் எந்தக் கையேட்டிலும் இல்லை.

7. மலைக்காயின் வருகை

19ஆம் நூற்றாண்டில் கோசு தனக்குரிய குளிரைத் தமிழகத்திற்குள்ளேயே கண்டது. கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியர் ஜான் சல்லிவன் 1820களில் நீலகிரியில் ஐரோப்பியக் காய்கறிகளை அறிமுகப்படுத்தினார். காய்கறிகளை மலிவாகப் பெறுவதற்கென உதகையின் ஐரோப்பியக் குடிகள் 1845இல் சந்தா அடிப்படையில் ஒரு தோட்டம் தொடங்கினர். அதன் தொடர்ச்சியாக 1848இல் மெக்ஐவர் பொறுப்பேற்று உருவாக்கியதே இன்றைய அரசுத் தாவரவியல் பூங்கா. புகழ்பெற்ற அப்பூங்காவின் தொடக்கம் ஒரு காய்கறிப் பாத்தி என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. அக்காலத்திலேயே இலங்கையின் நுவரெலியாவில் சாமுவேல் பேக்கர் பண்ணை அமைத்தார். அம்மலையகத்தில் குடியேறிய தமிழ்த் தோட்டத் தொழிலாளர் கோவா என்னும் சொல்லைத் தம் அன்றாட வழக்கிற் கொண்டனர்.

1876இல் தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை வந்தது. 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கும், 1908இல் உதகைக்கும் மலைப்பாதை நீண்டது. மலையில் அறுத்த கோசு வாடுவதற்குள் கடற்கரைச் சந்தையை எட்டும் காலம் தோன்றியது. கடல்வழி வந்த காய் இனி மலைவழி வந்தது. சமவெளி மக்கள் அதனை இங்கிலீசுக் காய் என்றும் மலைக்காய் என்றும் அழைத்தது இம்மாற்றத்தின் மொழிப்பதிவு. 1914இல் ஃப்ளெட்சர் தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய தம் நூலில் வைரமுதுகு அந்துப்பூச்சியைப் பதிவுசெய்தார். கோசு இனத்தையே நம்பி வாழும் இப்பூச்சி பதிவு பெறும் அளவிற்குத் தெரியவந்தமை, அப்பயிர் தென்னிந்தியாவில் பரவிவிட்டதற்குச் சான்றாகும்.

மலைக்காயின் வரவு கடற்கரைத் தொட்டியின் பொருளாதாரத் தேவையை நீக்கியது. அதன்பின் இங்குக் கோசை வளர்த்தவர் விற்பதற்காக அன்றி வளர்ப்பதற்காகவே வளர்த்தனர்.

8. தொட்டியும் நன்னீரும்

தொட்டி மண்சிக்கலைத் தீர்க்கும். தாமிரபரணி வண்டலையும் செம்மண்ணையும் தொழுவுரத்தையும் கலந்து நிரப்பினால் கடற்கரை மணல் தடையாவதில்லை. நீர்ச்சிக்கலை அது தீர்ப்பதில்லை, பெருக்குகிறது. லிட்டருக்கு 1 கிராம் உப்புள்ள கிணற்று நீரை ஒரு தொட்டிக்கு நாளொன்றுக்கு 1 லிட்டர் வீதம் 70 நாள் ஊற்றினால், அத்தொட்டிக்குள் 70 கிராம் உப்பு இறங்கும். வயலில் மழை அதனைக் கீழே கழுவிச் செல்லும். அடித்துளை அடைபட்ட தொட்டியில் உப்பு போக வழியின்றி வேரைச் சூழும்.

சுட்ட மண்தொட்டிக்கு இங்கு ஒரு சிறப்புண்டு. அதன் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாவதால் வேர்ப்பகுதி குளிர்கிறது. அந்நீரோடு வெளியேறும் உப்பின் ஒருபகுதி புறச்சுவரில் வெண்மையாகப் பூக்கிறது. வெப்பம், உப்பு என்னும் இருதடைகளையும் ஓரளவு தணிக்கும் கலம் குயவர் வனைந்த கலமே. நெகிழிப் பை எடையிலும் விலையிலும் எளிது. ஆனால் வெயிலில் வேரைச் சுடும். உப்பை உள்ளேயே வைத்திருக்கும்.

தூத்துக்குடியில் தொட்டிச் சாகுபடியைப் பொதுமக்களுக்கு இயல்வதாக்கியது தொட்டியைவிடக் குழாய்நீரே. நகராட்சித் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்தின் முயற்சியால் 1920களில் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீர் நகருக்கு வந்தது. அதற்குமுன் குடிநீரே அரிதாக இருந்த நகரில், செடிக்கு நன்னீர் ஊற்றுவது பங்களாக்களுக்கு மட்டுமே உரியது. கொற்கையைக் கைவிட்டு அகன்ற ஆறு, குழாய்வழியே தூத்துக்குடியின் தொட்டிகளை வந்தடைந்தது.

தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை 2013-14ஆம் ஆண்டில் சென்னை, கோவை மாநகரங்களில் மாடித்தோட்டத் தளைகளை மானியத்தில் வழங்கத் தொடங்கியது. பின்னர் இது பிற நகரங்களுக்கும் பரவியது. நெகிழிப் பை, தென்னைநார்க்கழிவுக் கட்டி, விதைப் பொட்டலம், உயிர் உரம் ஆகியவை அத்தளையின் உறுப்புகள். கடலோர மாடிகளில் நார்க்கழிவும் எச்சரிக்கைக்குரியது. உவர்நீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்த கழிவில் உப்பு மிகுந்திருக்கும். நன்னீரில் பலமுறை அலசிய பின்னரே அது கோசுக்கு ஏற்றதாகும். விதைப் பொட்டலமோ பெரும்பாலும் வீரிய ஒட்டு விதை. டச்சுக் கப்பலை எதிர்நோக்கிய தோட்டக்காரரைப் போலவே இன்றைய மாடித்தோட்டத்தாரும் ஒவ்வொரு பருவத்திலும் வெளியிலிருந்து வரும் விதையை எதிர்நோக்குகின்றனர். கலம் மாறியது, சார்பு மாறவில்லை.

9. நெய்தலின் சொந்த உறவுகள்

கோசு வேரூன்றாத இந்நிலத்தில் அதன் தொலை உறவுகள் வேரூன்றியுள்ளன. இன்றைய பயிர்வகைப்பாடு கடுகுக் குடும்பத்தோடு முருங்கை, வேளை, உகாய் ஆகியவற்றின் குடும்பங்களையும் ஒரே வரிசையில் அடக்குகிறது. இவ்வரிசைத் தாவரங்கள் பலவற்றுக்கும் பொதுவானது கந்தகம் கலந்த காரப்பொருள். கடுகு தாளிக்கையிலும் முருங்கை வேரை நசுக்குகையிலும் எழும் நெடி ஒரே வேதியலின் வெளிப்பாடு. சங்கப் பாலைப் பாடல்களில் இடம்பெறும் உகாய் உவர்க்கடற்கரையிலும் தழைப்பது. சாத்தான்குளம், உடன்குடிப் பகுதிகளின் தேரி மணலிலோ முருங்கை வணிகப்பயிராகவே செழிக்கிறது. அதன் இலை கீரை, காய் கறி, போத்து நட்டால் தழைக்கும், விதைக்குக் கப்பல் வேண்டுவதில்லை. கோசு இங்கு எதிர்கொண்டது வெற்றிடத்தை அன்று. தன் வேலையைத் தன்னினும் எளிதாகச் செய்துகொண்டிருந்த உறவுகளை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிபுகள் வருமாறு. கோசு, கோவா, நூக்கோல் ஆகிய சொற்கள் வெவ்வேறு மொழிவழிகளைக் காட்டுகின்றன. அவற்றுள் நூக்கோலே கொணர்ந்தோரைத் திட்டமாகச் சுட்டுவது. கோசு இக்கடற்கரையில் வயற்பயிராகாமைக்கு உவர்மண் துணைக்காரணமே. வெப்பமும், குளிரின்றி விதையாகாத அதன் இயல்புமே முதன்மைக் காரணங்கள். தொட்டி ஆர்வலரின் பொழுதுபோக்குக் கருவி மட்டுமன்று. அரிய விதையையும் அரிய நீரையும் சிக்கனமாகச் சேர்த்து வைக்கும் கலம். அவ்விரண்டின் அருமை நீங்காதவரை தொட்டியும் நீங்கவில்லை.

பயிர் வரலாற்றாய்வில் வருகைக்குக் கொடுக்கும் இடத்தை விதைப்பேற்றுக்கும் கொடுக்க வேண்டும். எந்தப் பயிர் வந்தது என்பதோடு, எந்தப் பயிர் இங்கு விதை தந்தது என்றும் வினவினால், வந்தவை பலவற்றுள் தங்கியவை எவை என்பது விளங்கும். முத்துக்குளித்துறையைப் பொறுத்தவரை ஐயவியும் முருங்கையும் தங்கியவை. கோசு நானூறு ஆண்டுகளாக வந்துகொண்டே இருக்கும் விருந்து. அவ்விருந்தை ஏற்றுக் காத்துவந்தது குயவரின் கலமும் தோட்டக்காரரின் கையுமே ஆகும்.